இருக்கும் ஆய்வகங்களை இணைப்பதா, புதிய கூடம் வாங்குவதா: கொங்குநாட்டில் அமைப்புப் பொறியியல் கற்பிக்க நான்கு வழிகள்

நம் பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மின்பொறி ஆய்வகத்தில் மோட்டாருக்குப் பளு ஏற்றிச் சோதிக்கும் மாணவர், அடுத்த கட்டடத்தில் மையவிலக்குப் பம்பின் திறனைச் சோதிக்கும் மாணவரை நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. முன்னவர் மோட்டாரின் பயனுறுதிறன் 80 விழுக்காடு என்று தம் பதிவேட்டில் எழுதுகிறார். பின்னவர் பம்பின் பயனுறுதிறன் 60 விழுக்காடு என்று எழுதுகிறார். இருவரும் முழு மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் பொங்கலூரிலோ கோபிசெட்டிபாளையத்திலோ தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயி மோட்டாரைத் தனியாகவும் பம்பைத் தனியாகவும் பயன்படுத்துவதில்லை. அவர் கிணற்றில் இறக்குவது இரண்டும் சேர்ந்த ஒரே பொருள். அதன் பயனுறுதிறன் 0.80 ஐ 0.60 ஆல் பெருக்கக் கிடைக்கும் 48 விழுக்காடு. அந்த 48 என்ற எண் கல்லூரியின் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்று கல்லூரிகளில் வழங்கும் அமைப்புப் பொறியியலைப் பாடமாகக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பாடத்திட்டக் குழுக்களில் எழும்போதெல்லாம், அடுத்த கேள்வியாக எழுவது எந்த ஆய்வகத்தை வாங்குவது என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்பே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஆசிரியராகப் பல ஆண்டுகள் ஆய்வகங்களில் கழித்தவன் என்ற முறையில், கல்லூரிகள் முன் இன்று உள்ள நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எனக்குப் படுவதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாடத்தின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகங்களில் வேர்விட்ட இத்துறை, பின்னர் ராணுவ, விண்வெளித் திட்டங்களில் வளர்ந்து, 2002இல் ஐ.எஸ்.ஓ. 15288 என்ற பன்னாட்டுத் தரநிலையாக வடிவம் பெற்றது. அத்தரநிலை கடைசியாக 2023இல் திருத்தப்பட்டது. ஒரு பொருளைப் பயன்படுத்தப்போகிறவரின் தேவையைக் கேட்டறிந்து, அதை அளக்கக்கூடிய நிபந்தனைகளாக எழுதி, அந்நிபந்தனைகளை உறுப்புகளுக்குப் பகிர்ந்து, உறுப்புகள் ஒன்றையொன்று தொடும் இடங்களை வரையறுத்து, செய்து முடித்தபின் அதே வரிசையில் திரும்பி வந்து ஒவ்வொன்றையும் சோதிப்பதே இதன் சாரம். சொன்னபடி செய்தோமா என்பது ஒரு சோதனை. சொன்னதே சரியானதுதானா என்பது வேறொரு சோதனை. இரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாடத்தின் பாதி வந்துவிட்டது என்பேன்.

பிழைகள் பெரும்பாலும் உறுப்புகளுக்குள் இருப்பதில்லை, உறுப்புகள் சந்திக்கும் இடங்களிலேயே ஒளிந்திருக்கின்றன என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உண்டு. 1998இல் செவ்வாய்க்கு அனுப்பப்பட்ட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம், ஒரு தரப்பின் மென்பொருள் விசையைப் பவுண்டு அலகிலும் மறுதரப்பின் மென்பொருள் நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதால் 1999இல் தொலைந்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஒரு நிமிடம்கூட நீடிக்காததற்கு, ஏரியன் 4இல் பிழையின்றி இயங்கிவந்த மென்பொருள் பகுதியை வேறு வேகச் சூழலில் அப்படியே பொருத்தியது காரணம். ஆயினும் நம் மாணவருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது நொய்யல் ஆற்றின் கதையை.

திருப்பூரின் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பெருமளவு உப்பு தேவைப்படுகிறது. தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சாயநீரின் நிறத்தையும் கசடையும் குறைத்தன. நீரில் கரைந்த உப்பை அவை நீக்கவில்லை, நீக்குவதற்காக வடிவமைக்கப்படவும் இல்லை. பட்டறை தன் வேலையைச் செய்தது, சுத்திகரிப்பு நிலையம் தன் வேலையைச் செய்தது, ஆனால் பாசனத்துக்காக 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் உப்பேறிய கழிவுநீர் தேங்கி, கீழே ஈரோடு, கரூர் மாவட்டங்களின் தோட்டங்களும் கிணறுகளும் கெட்டன. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே, எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கிகளும் கொண்ட, கழிவுநீரை வெளியே விடாத முறை பரவலாக நிலைபெற்றது. எந்த உறுப்பும் பழுதாகாமலே முழு அமைப்பும் பழுதாகக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்குமென நான் நினைக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம். மிகக் குறைந்த செலவில் ஆவது கணினிவழி ஆய்வகம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் மெய்நிகர் ஆய்வகத் திட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது, ஐ.ஐ.டி.க்களோடு எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்கிறது. மாணவர் இரவு பத்து மணிக்கு விடுதி அறையிலிருந்தே சோதனை செய்யலாம், வால்வை மூடிவிட்டுக் குழாய் வெடிக்கிறதா என்று அஞ்சாமல் பார்க்கலாம், ஒரே வடிவமைப்பின் நூறு மாற்றங்களை ஒரு மாலையில் ஓட்டிப் பார்க்கலாம். தேவையை எழுதிப் பழகவும் மாதிரிகளைக் கட்டிப் பழகவும் இது மிகவும் ஏற்றது. ஆனால் கணினியில் ஓடும் மோட்டாருக்கு முனையத்தில் திருகு தளர்வதில்லை. மோட்டாரை இணைக்கும் மின்காந்தச் சுவிட்சான காண்டாக்டர் இழுக்கும்போது எழும் மின்னிரைச்சலால் பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை தானாக மறுதொடக்கம் ஆவதில்லை. சந்திப்பிடங்களின் தொல்லை, அதை எழுதியவர் நினைத்துப் பார்த்த அளவுக்கே கணினி மாதிரியில் இருக்கும். இது துணைவழியே அன்றி முதன்மை வழியாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது வழி, நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்தது: முழுமையாக நிறுவித் தரப்படும் கற்றல் தொழிற்கூடம். கண்ணாடி அறை, ஓடும் பட்டை, எந்திரங்களை இயக்கும் நிரல்வழிக் கட்டுப்படுத்திகளான பி.எல்.சி. நிலையங்கள் வரிசையாக, கடைக்கோடியில் ஒரு ரோபோ கை, சுவரில் பெரிய திரை. கற்றல் தொழிற்கூடம் என்ற பெயர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 1994இல் முன்னின்று தொடங்கிய முயற்சியிலிருந்து பரவியது. அங்கு அதன் பொருள், தொழில் நிறுவனங்கள் கொண்டுவரும் உண்மையான சிக்கல்களை மாணவர் தம் கையாலேயே செய்து தீர்க்கும் இடம் என்பது. இன்று விலைக்கு வரும் பெட்டிகளில் அந்தப் பொருள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. நிலையத்துக்கு நிலையம் எந்தச் சமிக்ஞை போக வேண்டும், எந்த அலகில் போக வேண்டும், ஒன்று நின்றால் மற்றொன்று என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் விற்பனையாளரின் பொறியாளர் முன்பே முடித்துக் கொடுத்துவிடுகிறார். கற்க வேண்டிய கணக்கு விடையோடு வந்து இறங்குகிறது. மாணவருக்கு மிஞ்சுவது பொத்தானை அழுத்துவது.

நான் அறிந்த ஒரு கல்லூரியில் இப்படியொரு கூடம் திறப்பு விழாவுக்கும் அங்கீகாரக் குழுவின் வருகைகளுக்கும் மட்டும் நன்றாக ஓடியது. மூன்றாம் ஆண்டில் ஓர் உணரி பழுதாகியபோது, நிரல் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்ததால் மாற்று உணரியைப் பொருத்த முடியவில்லை. பராமரிப்பு ஒப்பந்தமும் அதற்குள் முடிந்திருந்தது. அந்த அறையைக் கடக்கும்போது, அதே தொகையில் எத்தனை பழைய ஆய்வகங்களுக்கு உயிர் கொடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு வராமல் இருந்ததில்லை. ஆயினும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐ.இ.சி. 61131 தரநிலைப்படி பி.எல்.சி. நிரல் எழுதவும், பாதுகாப்புப் பூட்டுகளின் ஒழுங்கைப் பழகவும் இத்தகைய கூடம் நல்ல இடம். தானியங்கித் துறையில் வேலை தேடும் மாணவருக்கு அது பயன்படும். அமைப்புப் பொறியியலுக்கான கூடமென்று அதை வாங்குவதுதான் பிழை.

மூன்றாவது வழியைக் கொங்குநாட்டுக்காரர் யாரும் எளிதில் தள்ள முடியாது. இங்கே கல்லூரியும் பட்டறையும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்தவை. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது; 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள் என்று கோவை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது, 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, ஏற்கெனவே இயங்கிவந்த தொழிற்கூடத்தின் வளாகத்திலேயே தொடங்கப்பட்டது. ஆகவே மாணவரைக் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ அரசூரிலோ உள்ள பட்டறைகளுக்கு நேரே அனுப்பிவிடலாமே என்பது இயல்பான எண்ணம்.

இவ்வழியில் கிடைக்கும் உண்மை வேறெதிலும் கிடைக்காது. ஆனால் நம் தொழிலின் அமைப்பே இதற்கு ஒரு வரம்பு வைக்கிறது. ஒரு பம்புசெட்டின் உடல் ஒரு பவுண்டரியில் வார்க்கப்படுகிறது, இன்னொரு லேத் பட்டறையில் கடையப்படுகிறது, காயில் வேறிடத்தில் சுற்றப்படுகிறது, பொருத்துவதும் சோதிப்பதும் மற்றோரிடத்தில் நடக்கின்றன. திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எல்லாம் தனித்தனியே ஜாப் ஒர்க்காக நடப்பதைப் போன்றதே இதுவும். ஒரு பட்டறையில் ஆறு வாரம் இருக்கும் மாணவர் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே காண்கிறார். முழுச் சங்கிலியும் பொருத்தி விற்கும் முதலாளியின் மனத்தில் இருக்கிறது, காகிதத்தில் இருப்பதில்லை. பன்னிரண்டு பேர் வேலைசெய்யும் இடத்தில் அறுபது மாணவரை ஏற்கவும் முடியாது. ஆர்டர் நாளை போக வேண்டிய நிலையில், தவறு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று எந்த முதலாளியாலும் விட முடியாது. விட வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. தேவையைக் கேட்டறியவும், முடிவில் செய்த பொருளைக் காட்டி ஏற்கிறார்களா என்று பார்க்கவும் பட்டறையும் தோட்டமும் இன்றியமையாதவை. இடைப்பட்ட தவறுகளைச் செய்து பார்க்க வேறோர் இடம் வேண்டும்.

அந்த இடம் கல்லூரியிலேயே இருக்கிறது என்பதே நான்காவது வழி. பவுண்டரிக் கூடம், அளவியல் ஆய்வகம், கணினி கட்டுப்படுத்தும் கடைசல் எந்திரங்கள் உள்ள சி.என்.சி. கூடம், மின்பொறி ஆய்வகம், நீர்ம எந்திரவியல் ஆய்வகம், நுண்கட்டுப்படுத்தி ஆய்வகம் ஆகியவை பத்துப் பதினைந்து ஆண்டு பழைய கல்லூரி எதிலும் இருப்பவை. மாணவர் சேர்க்கை கணினித் துறைகளின் பக்கம் சாய்ந்துவிட்ட இக்காலத்தில், அவற்றுள் பல வாரத்தில் சில நாள்கள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றை ஒரே பொருளின் வழியாக இணைத்தால் என்ன? பொருளாக நான் பரிந்துரைப்பது பம்புசெட்டு. வெட் கிரைண்டரும் ஆகும். ஆனால் பம்புசெட்டில் நீர், மின்சாரம், உலோகம், கட்டுப்பாடு, விவசாயம் ஆகிய ஐந்தும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

இணைப்பு என்றவுடன் கம்பியையும் வலைப்பின்னலையுமே பலர் நினைக்கிறார்கள். கம்பி இதில் எளிய பகுதி. கருவிகள் தம் அளவுகளைப் பரிமாறிக்கொள்ளும் மாட்பஸ் நெறிமுறை வழியாகப் பேசும் ஒரு மின்னளவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை, அது எம்.கியூ.டி.டி. என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் அனுப்பும் அளவுகளை வாங்கிச் சேமிக்க ஒரு பழைய கணினி ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மாட்பஸ் 1979இலும் எம்.கியூ.டி.டி. 1999இலும் பிறந்தவை, இரண்டும் திறந்த நெறிமுறைகள், எந்த விற்பனையாளரிடமும் நம்மைக் கட்டிப்போடாதவை. கடினமான பகுதி, அந்தக் கம்பியில் போகும் எண்ணுக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வது. நீரின் அளவை ஓர் ஆய்வகம் நிமிடத்துக்கு லிட்டரில் எழுதும், மற்றொன்று மணிக்குக் கன மீட்டரில் எழுதும். விவசாயி இரண்டு இஞ்சுத் தண்ணீர் என்பார். நீரேற்ற உயரத்தை ஒருவர் மீட்டரிலும் இன்னொருவர் அழுத்தமானியின் அலகிலும் சொல்வார், போர்வெல் போட்டவர் அடிக்கணக்கில் சொல்வார். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் ஏன் தொலைந்தது என்பது, முதல் வாரம் இந்த அட்டவணையை எழுத உட்காரும் மாணவருக்கு விளக்காமலே விளங்கும்.

இணைப்பு என்ன தரும் என்பதற்கு ஒரு கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மின்பாதையின் கடைக்கோடியில் உள்ள தோட்டங்களில் மும்முனை மின்சாரம் 415 வோல்ட்டுக்கு வெகுவாகக் குறைந்து வருவதுண்டு. 340 வோல்ட் வந்தாலும் பம்பு இயங்க வேண்டும் என்று தேவைக் குறிப்பில் ஒரு நிபந்தனை எழுதப்படுகிறது என்று கொள்வோம். தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்று மின்பொறி மாணவர் படித்திருக்கிறார். 340 ஐ 415 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.67 வருகிறது. முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது, ஆகவே மோட்டார் கிளம்பாமல் போகலாம் என்று அவர் அஞ்சுகிறார். பெரிய மோட்டார் வேண்டும் என்கிறார். நீர்ம எந்திரவியல் மாணவர் அதை மறுக்கிறார்: மையவிலக்குப் பம்பு கேட்கும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது, நின்ற நிலையில் அது மிகச் சிறியது, எனவே கிளம்புவது சிக்கலே இல்லை. இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து அளந்த பிறகே உண்மையான ஆபத்து தெரிகிறது. கிளம்பிய பிறகு, ஏறத்தாழ அதே பளுவைக் குறைந்த அழுத்தத்தில் சுமக்கும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. காயில் சூடேறி, ஒரு கோடையில் கருகுகிறது. ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடைகளுக்கு வேலை வருவதில் இதற்கும் ஒரு பங்குண்டு. தனித்தனியே இருந்தால் ஒருவர் தேவையில்லாத செலவைப் பரிந்துரைத்திருப்பார், மற்றவர் எல்லாம் சரி என்றிருப்பார். சரியான விடை இரண்டு ஆய்வகங்களுக்கும் இடையில் கிடந்தது.

பவுண்டரிக் கூடத்தையும் இப்படியே சேர்க்கலாம். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அது எந்த மணலில் வார்க்கப்பட்டது, வார்ப்பின் உள்வெற்றிடத்தை உருவாக்கும் கருவச்சு எவ்வளவு விலகியது, அளவியல் ஆய்வகத்தில் பரப்பின் சொரசொரப்பு எவ்வளவு வந்தது என்பவற்றை அந்த எண்ணின்கீழ் சேமித்துவிட்டால், நீர்ம ஆய்வகத்தில் அதன் திறன்கோடு தாழும்போது காரணத்தைப் பின்னோக்கித் தேடிப் போகலாம். தன் கையால் தட்டிய மணல் இரண்டு மாதம் கழித்து மின்சார யூனிட் கணக்கில் திரும்பி வருவதைக் கண்ட மாணவர், வார்ப்பை இனி வேறு துறையின் வேலை என்று நினைக்க மாட்டார்.

இவ்வழியின் செலவு பணத்தில் குறைவு, மனித உழைப்பில் மிக அதிகம். இதை மறைத்துவிட்டுப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. நான்கு துறைகளின் கால அட்டவணை ஒரே பிற்பகலில் சந்திக்க வேண்டும். எந்தக் கருவி யாருடைய உபகரணப் பதிவேட்டில் இருக்கிறது, உடைந்தால் யார் பொறுப்பு என்பது முதல் வாரத்திலேயே எழுந்துவிடும். மூத்த ஆய்வக உதவியாளர்களைக் கேட்காமல் தொடங்கினால் முயற்சி ஒரு பருவமும் தாங்காது. எந்தப் பம்பின் சீல் எப்போது ஒழுகும் என்று பேராசிரியரைவிட அவர்களுக்கே தெரியும். ஈரத்தரையில் மும்முனை மின்சாரம் இருப்பதால், மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் எந்த மேசையும் ஓடக்கூடாது. வலைப்பின்னல் வழியாக அளவுகளைப் படிக்கலாம், மோட்டாரைக் கிளப்புவது மட்டும் பக்கத்தில் நிற்பவர் கையால்தான் நடக்க வேண்டும். மதிப்பெண்ணும் சிக்கலே. உறுப்புக்குப் பாதி, முழுப் பொருளுக்குப் பாதி என்று பிரித்து, பின்பாதியைக் குழு முழுமைக்கும் பொதுவாக்க வேண்டும் என்பது என் கருத்து. தன் உறுப்பு சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிறதே என்று நல்ல மாணவர்கள் முறையிடுவார்கள், அந்த முறையீட்டை வகுப்பிலேயே எடுத்துப் பேச வேண்டும். பொறியியல் பட்டங்களின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 முதல் இந்தியா நிரந்தர உறுப்பாக இருப்பதால், பல்துறைக் குழுவில் பணியாற்றும் திறனுக்குச் சான்று காட்ட அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி எப்படியும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் சான்றும் இதில் தானாகவே வந்துவிடும்.

எல்லாக் கல்லூரிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கணினித் துறைகள் மட்டுமே உள்ள புதிய கல்லூரி, இல்லாத பவுண்டரியை இணைக்க முடியாது. அது கணினி மாதிரியையும் பக்கத்துப் பட்டறையையும் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. தன்னாட்சிக் கல்லூரி இரண்டு மதிப்பலகு கொண்ட ஒரு கூட்டு ஆய்வகப் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை மாற்ற இயலாத இணைவுக் கல்லூரி, இருக்கும் பயிற்சிகளையே ஒரே பம்புசெட்டின்மேல் நடத்தி, இறுதியாண்டுத் திட்டப்பணியில் அவற்றைச் சேர்க்கலாம். இரண்டுக்கும் என் பரிந்துரை ஒன்றே: ஆய்வக இணைப்பை முதுகெலும்பாக வையுங்கள், அதற்கு முந்தைய மாதத்தைக் கணினி மாதிரிக்கும், தொடக்கத்தையும் முடிவையும் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் கொடுங்கள், கண்ணாடி அறைக்கான தொகையை இரண்டு ஆண்டு நிறுத்தி வையுங்கள். அதற்குப் பிறகும் பி.எல்.சி. நிலையம் ஒன்று தேவைப்பட்டால், எந்த நிபந்தனைக்காக வாங்குகிறோம் என்று மாணவர்களே எழுதித் தருவார்கள்.

ஆறு ஆய்வகங்களையும் முதல் பருவத்திலேயே இணைக்க முயல வேண்டாம். மின்பொறி ஆய்வகமும் நீர்ம எந்திரவியல் ஆய்வகமும் மட்டும் போதும். ஒரு மோட்டார், ஒரு பம்பு, இரண்டு துறைகளிலிருந்தும் மூவர் மூவராக அறுவர் கொண்ட குழுக்கள். குழுவுக்கு ஒரே பதிவேடு. அதன் முதல் பக்கத்தில் மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் சந்திக்கும் இடத்தின் விட்டம், வேகம், முறுக்குவிசை, அலகு ஆகியவை எழுதப்பட்டு, இரு துறை மாணவரும் கையொப்பமிட இரண்டு இடங்கள் விடப்பட வேண்டும். கடைசிப் பக்கத்தில், இருவரும் சேர்ந்து அளந்து நிரப்ப வேண்டிய அந்த ஒரே விழுக்காட்டுக்கு ஓர் இடம்.